அப்பாவுக்கும் ஹார்ட் ஃபெயிலியர், அம்மாவுக்கும் ஹார்ட் ஃபெயிலியர்: சிகிச்சை ஏன் ஒன்றுபோல் இல்லை?

தேனிமல்லி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா இருவரும் ஒரே வருஷத்துக்குள் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் முதல் வரி 'அக்யூட் ஹார்ட் ஃபெயிலியர்' (திடீரென்று முற்றிய இதயச் செயலிழப்பு)தான். அதற்குக் கீழே படித்தால் இரண்டு பேருக்கும் ஒரே நோயா என்றே சந்தேகம் வருகிறது.

அப்பாவுக்கு 71 வயது. முன்பே அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தவர். எக்கோவில் (இதய ஸ்கேன்) ஈ.எஃப், அதாவது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு, 30%தான். ராத்திரி மூச்சு முட்டியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம், நேராக ஐ.சி.யு. வீட்டுக்கு வரும்போது இதயத்துக்கு மட்டும் நான்கு வகை மாத்திரை.

அம்மாவுக்கு 67. பிரஷர், சுகர் இரண்டும் நெடுநாளாக உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டிய இடத்தில் 'வயசாச்சு, எடையைக் குறைங்க' என்றார்கள். அடுத்த இடத்தில் ஆஸ்துமா என்று நெபுலைசர் கொடுத்தார்கள். எக்கோவும் எடுத்தோம், ஈ.எஃப் 62%, 'ஹார்ட் நார்மல்' என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார். கேட்டால் 'வெக்கை' என்பார். கால் விரல்கள் வீங்கி மெட்டியைக் கழற்ற முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நுரையீரலில் நீர், நாடித் துடிப்பு தாறுமாறு, நிமிஷத்துக்கு 140. ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை.

ஈ.எஃப் நார்மலாக இருந்தும் ஹார்ட் ஃபெயிலியர் எப்படி வரும்? பெண்களுக்கு இந்த நோயே வேறு மாதிரியா, இல்லை பெண்களைப் பார்க்கும் விதம்தான் வேறா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பொதுமருத்துவர்_நெல்லை

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை: இரண்டும்தான். முதலில் நோயைப் பற்றிச் சொல்கிறேன்.

ஈ.எஃப் என்பது ஒரு விகிதம். இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். அறைக்குள் எவ்வளவு நிறைந்தது என்பதை அது சொல்லாது. ஒருவருக்கு 120 மில்லி நிறைந்து 60% வெளியே போனால் 72 மில்லி கிடைக்கும். இன்னொருவருக்குச் சுவர் தடித்து விறைத்துப்போய் 75 மில்லிதான் நிறைகிறது என்றால், அதே 60%க்குக் கிடைப்பது 45 மில்லி. ரிப்போர்ட்டில் இரண்டும் 60%தான். விறைத்த அறைக்குள் ரத்தம் புக அதிக அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் பின்னால் நுரையீரல் வரைக்கும் ஏறுகிறது. அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. படுத்தால் மூச்சு முட்டுவது அதனால்தான்.

உங்கள் அப்பாவுக்கு அட்டாக்கில் தசையின் ஒரு பகுதி செத்து, அறை பெரிதாகி, பிழியும் வலு போய்விட்டது. அம்மாவுக்குப் பிழியும் வலு இருக்கிறது, விரிந்து கொடுக்கும் தன்மைதான் போய்விட்டது. ஆண்களிடம் முதல் வகையும் பெண்களிடம் இரண்டாவது வகையும் கூடுதலாகத் தென்படும். பெண்களின் இடது கீழறை இயல்பிலேயே சிறியது. பல வருஷம் பிரஷரோடு மல்லுக்கட்டும்போது அறை பெரிதாகாமல் சுவர் உள்பக்கமாகத் தடிக்கும் போக்கு அவர்களுக்கு அதிகம். சுகரும் பெண்களின் இதயத்தைக் கூடுதலாகத் தாக்குகிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1974லேயே இதைச் சொல்லிவிட்டது: சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு.

துடிப்பு 140 என்றீர்கள் அல்லவா, அம்மாவைக் கடைசியில் கவிழ்த்தது அதுதான். விறைத்த இதயம் நிறைவதற்கு நேரம் வேண்டும். வேகமாகத் துடித்தால் அந்த நேரம் கிடைக்காது. மேலறை ஒழுங்காகச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளிக் கொடுப்பதும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது, அம்மாவுக்கு வந்தது அதுதான்) நின்றுபோகும்.

---

கணக்குப்பிள்ளை

டாக்டர் சொன்னதற்குப் பெரிய அளவிலான எண்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2001ல் தொடங்கிய 'அட்ஹியர்' பதிவேட்டில், அக்யூட் ஹார்ட் ஃபெயிலியரோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்மிஷன்களை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தார்கள். அதில் பெண்கள் 52%. பெண்களின் சராசரி வயது ஆண்களைவிட நான்கு வருஷத்துக்கு மேல் அதிகம். பெண்களில் சுமார் பாதிப் பேருக்கு ஈ.எஃப் நன்றாகவே இருந்தது. ஆண்களில் அப்படி இருந்தவர்கள் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்தான். ரத்தக்குழாய் அடைப்பு ஆண்களுக்கு அதிகம், உயர் ரத்த அழுத்தம் பெண்களுக்கு அதிகம். தேனிமல்லி வீட்டுக் கதையும் இந்தச் சராசரியும் ஒத்துப்போகின்றன.

ஆஸ்பத்திரிக்குள் இறப்பவர்களின் விகிதத்தில் ஆண் பெண் வித்தியாசம் அங்கே இல்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டால் பெண்கள் சாகவிடப்படுகிறார்கள் என்ற முடிவுக்கு யாரும் அவசரமாக வரவேண்டாம்.

---

அருவிக்கரை

நான் இருப்பது திருவனந்தபுரத்தில். இங்கே ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் முன்னின்று 2013ல் ஒரு பதிவேடு நடத்தியது. மாவட்டத்தின் 18 ஆஸ்பத்திரிகள், ஹார்ட் ஃபெயிலியரோடு சேர்ந்த 1,205 பேர். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு நிற்காமல் சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளையும் சேர்த்திருந்தார்கள் என்பது அதன் சிறப்பு. சராசரி வயது 61. அமெரிக்காவோடு ஒப்பிட்டால் சுமார் பத்து வருஷம் முன்னதாகவே நம்மவர்களுக்கு வந்துவிடுகிறது. 72% பேருக்குக் காரணம் ரத்தக்குழாய் அடைப்பு. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் 8.5%. ஐந்து வருஷத்துக்குள் 59% பேர் போய்விட்டார்கள்.

என்னை உறுத்துவது வேறோர் எண். அந்த 1,205 பேரில் பெண்கள் 31% மட்டுமே. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் 1,000 ஆண்களுக்கு 1,084 பெண்கள். பெண்கள் அதிகம் இருக்கிற மாநிலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூன்றில் ஒன்றுகூடப் பெண் இல்லை. மீதிப் பேர் எங்கே?

---

சேலத்துச் சிவா

எல்லாவற்றிலும் ஆண் பெண் பேதம் தேடவேண்டுமா? ஆண்களுக்குத்தான் பீடி, சிகரெட், அட்டாக் எல்லாம் அதிகம். அதனால் அவர்கள் அதிகம் சேர்கிறார்கள். என் அப்பாவும்தான் நெஞ்சு கனக்கிறது என்பதை யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். கடைசியில் பாத்ரூமில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. மறைப்பது பெண்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை.

---

கணக்குப்பிள்ளை

சிவா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அட்டாக்கால் வரும் ஹார்ட் ஃபெயிலியர் ஆண்களுக்கு முன்கூட்டியே வருகிறது. 60 வயதைச் சுற்றி எண்ணினால் ஆண்கள் அதிகம் இருப்பார்கள். பெண்களுக்கு வரும் வகை 70க்கு மேல் பெருகுகிறது. அமெரிக்காவில் அந்த வயதுப் பாட்டிமார் நிறைய, அதனால் அங்கே 52%. ஐரோப்பாவில் 30 நாடுகளில் எடுத்த இரண்டாவது யூரோஹார்ட் கணக்கெடுப்பில் பெண்கள் 39%. ஆக, வயதும் நோயின் வகையும் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியை நிச்சயம் விளக்கும்.

ஆனால் முழுவதையும் விளக்குமா? இந்திய அளவிலான தேசியப் பதிவேட்டிலும், 53 ஆஸ்பத்திரிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தபோது, பெண்கள் அதே 31%. இதோடு டெல்லி எய்ம்ஸ் கணக்கையும் வைத்துப் பாருங்கள். 2016ல் அங்கே வந்த புறநோயாளிகளில், மகப்பேறு போன்ற துறைகளை நீக்கிவிட்டு எண்ணியபோது, ஒரு பெண்ணுக்கு 1.69 ஆண்கள். டெல்லியிலிருந்து ஊர் எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குப் பெண்களின் பங்கு குறைந்தது. நோயின் வகை தூரத்தைப் பார்த்து மாறாதே. மாறுவது வேறு: கூட்டிவர ஆள், பஸ் செலவு, வீட்டை யார் பார்ப்பது என்ற கேள்வி.

எய்ம்ஸ் கணக்கு எல்லா நோய்களுக்குமானது, ஹார்ட் ஃபெயிலியருக்கு மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

வார்டுசிஸ்டர்

கார்டியாலஜி வார்டில் வேலை பார்க்கிறேன். எண்கள் எனக்குத் தெரியாது, பார்ப்பதைச் சொல்கிறேன்.

ஆம்பளைங்க அட்மிஷனில் பெரும்பாலும் மனைவியோ மகளோ கூடவே இருப்பார்கள். எந்த மாத்திரை எப்போது போட்டார், எப்போதிருந்து மூச்சு வாங்குது, ராத்திரி எத்தனை தலையணை வைத்தார் என்று எல்லாம் அந்த அம்மாவே சொல்லிவிடுவார். பெண்கள் வரும்போது கூட வருகிற மகனிடம் 'எப்போதிருந்து இப்படி?' என்று கேட்டால், 'நேத்துதான் சிஸ்டர்' என்பார். அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டால் தீபாவளிக்கு முன்னாலிருந்தே என்பார். வீட்டில் அவர் மூச்சைக் கவனிக்க ஆள் இல்லை.

இன்னொன்று. லாசிக்ஸ், உடம்பில் கோத்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து. நீர் பிரிய ஊசி போட்டு, யூரின் அளவு எழுதி, நாலைந்து கிலோ இறங்கி நன்றாக வீட்டுக்குப் போகிற பெண்கள் ஒரு மாதத்தில் அதே வீக்கத்தோடு திரும்பி வருவார்கள். மாத்திரை போட்டீர்களா என்றால் தலையாட்டுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் விஷயம் வெளியே வரும். கல்யாணத்துக்குப் போனேன், பஸ்ஸில் மூணு மணி நேரம், வழியில் எங்கே போவது? கோயிலுக்குப் போகிற அன்றைக்கு விட்டுட்டேன். சித்தாள் வேலைக்குப் போகிறவர் என்றால் வேலைநாள் முழுக்க விடுகிறார். ஆம்பளைங்களுக்கு இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இல்லை. வெளியே போகிற நாளில் அந்த மாத்திரையை எந்த நேரத்துக்குத் தள்ளலாம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நேரம் மாற்றித் தருவார். முழுதாக நிறுத்தக்கூடாது.

---

தேனிமல்லி

சிஸ்டர், படித்ததும் அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், மாமா வீட்டு வளைகாப்பு, பழனிப் பயணம் என்று வரிசையாகச் சொன்னார்.

டாக்டர், எனக்கு இன்னொரு சந்தேகம். அப்பாவுக்கு நான்கு மாத்திரை, அம்மாவுக்கு இரண்டு. அம்மாவுக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்களா?

---

பொதுமருத்துவர்_நெல்லை

இல்லை, அதைக் குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈ.எஃப் குறைந்தவர்களுக்கு நான்கு வகை மருந்துகள் உயிரைக் காக்கும் என்று நன்றாக நிரூபணமாகியிருக்கிறது. ஈ.எஃப் நன்றாக இருக்கும் வகைக்கு அந்தப் பழைய மருந்துகள் அதே அளவு பலன் தரவில்லை. பல வருஷம் எங்கள் கையில் லாசிக்ஸும் பிரஷர் மாத்திரையும்தான் இருந்தன. பெண்களுக்கு அதிகம் வரும் வகைக்கு மருந்து கிடைக்க இவ்வளவு காலம் ஆனது.

2021ல் நிலைமை மாறியது. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற மருந்தை, முதலில் சர்க்கரைக்கு வந்தது, ஈ.எஃப் 40%க்கு மேல் உள்ள 5,988 பேரிடம் சோதித்தார்கள். அவர்களில் சுமார் 45% பெண்கள். ஹார்ட் ஃபெயிலியருக்காக மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது தெளிவாகக் குறைந்தது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மாதிரி. அடுத்த வருஷம் டாபாக்ளிஃப்ளோசினிலும் அதே முடிவு. இந்தியாவில் இரண்டுக்கும் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலையும் இறங்கிவிட்டது. அம்மாவின் சீட்டில் இந்த இரண்டில் ஒன்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை போகும்போது கேளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

---

வார்டுசிஸ்டர்

டாக்டர் சொன்ன மாத்திரையைப் பற்றி ஒரு விஷயம், பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அது சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும். அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு வருகிறார்கள். தண்ணீர் விட்டுக் கழுவிச் சுத்தமாக வைத்துக்கொண்டாலே பெரும்பாலும் வராது. வந்தாலும் களிம்பிலோ மாத்திரையிலோ சீக்கிரம் சரியாகிவிடும். டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வார்டில் எங்களில் யாரிடமாவது சொல்லுங்கள்.

---

கயல்

இந்த இழையில் எல்லோரும் வயதான அம்மாக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 29 வயதில் வந்தது. முதல் பிரசவம் முடிந்து மூன்றாவது வாரம்.

கால் வீக்கம், மூச்சு வாங்கல், ராத்திரி இருமல். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள் வீட்டில். நானும் தூக்கம் இல்லாததால் என்று நினைத்தேன். ஒரு ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தவளுக்கு அடுத்த மூச்சு எடுக்க முடியவில்லை, இருமினால் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. எக்கோவில் ஈ.எஃப் 25%. பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி, பிரசவத்தை ஒட்டி வரும் இதயத் தசை நோய், என்றார்கள். பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதம் தொடங்கி, பிறந்து ஐந்து மாதம் வரைக்கும் இது வரலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கர்ப்பத்தில் மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் சகஜம்தான். ஆனால் பிரசவம் முடிந்த பிறகு அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால், படுத்தால் மூச்சு முட்டினால், உடனே எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஈ.எஃப் 55%. மருந்து தொடர்கிறது. அடுத்த குழந்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார் வீட்டில் அதை ஏற்கவைக்கத்தான் மருந்தைவிட அதிகம் பாடுபட்டோம்.

---

பொதுமருத்துவர்_நெல்லை

கயல், எழுதியதற்கு நன்றி. உங்கள் ஈ.எஃப் நார்மலுக்குத் திரும்பியது நல்ல செய்தி. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கர்ப்பத்தில் மறுபடி வரும் ஆபத்து உண்மையானது, மீண்டு வந்தவர்களுக்கும் உண்டு. கருத்தடை முறையையும் இதய மருத்துவரோடு பேசியே முடிவு செய்யுங்கள். எல்லாக் கருத்தடை மாத்திரைகளும் உங்களுக்குப் பொருந்திவிடாது.

இளம்பெண்கள் மூச்சு முட்டி வரும்போது நம் ஊரில் வால்வையும் மறக்கக்கூடாது. சின்ன வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்களில் பெண்கள்தான் அதிகம். பலருக்கு அது முதன்முதலில் தெரியவருவதே கர்ப்பத்தில், ரத்த அளவு கூடி இதயம் தாங்காமல் போகும்போதுதான். மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் எடுத்தவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்து வெகுநாள் கழித்துக்கூட டாக்ஸோரூபிசினின் பாதிப்பு தலைகாட்டலாம். மூச்சுத் திணறலோடு எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பழைய ஃபைலையும் கொண்டு போங்கள்.

டாகோட்சுபோ என்று ஒன்றும் உண்டு. பெரிய துக்கமோ அதிர்ச்சியோ வந்த சில மணி நேரத்தில் அட்டாக் போலவே வரும். ஆஞ்சியோவில் அடைப்பு இருக்காது. வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிலக்கு நின்றவர்கள். பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள்.

---

கணக்குப்பிள்ளை

மருந்தின் அளவைப் பற்றியும் பேச வேண்டும். எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இது.

ஹார்ட் ஃபெயிலியர் மருந்துகளின் பெரிய ஆய்வுகளில் பெண்கள் பெரும்பாலும் நான்கில் ஒருவருக்கும் குறைவு. ஈ.எஃப் குறைந்தவர்களைச் சேர்த்த இரண்டு பெரிய ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது 15,415 பேரில் பெண்கள் 22% மட்டுமே. அதே கணக்கில் பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களைவிடக் குறைவு, ஆனால் அறிகுறிகளும் அன்றாட அவஸ்தையும் அதிகம். கூடுதல் காலம் இருக்கிறார்கள், கூடுதலாகக் கஷ்டப்பட்டு இருக்கிறார்கள்.

டிகாக்சின் என்ற பழைய இதய மருந்து ஒரு பெரிய பாடம். 6,800 பேரிடம் நடந்த ஆய்வு 1997ல் வந்தது. மொத்தத்தில் இறப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2002ல் அதே தரவைப் பெண்களுக்கு மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். டிகாக்சின் எடுத்த பெண்களில் 33.1% பேர் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 28.9%. ஆண்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஆண்கள் மிகுதியாக இருந்ததால் மொத்தக் கணக்கில் பெண்களின் நிலை தெரியாமலே போயிற்று.

2019ல் 'லான்செட்'டில் வந்தது இன்னொன்று. 11 ஐரோப்பிய நாடுகளில் ஈ.எஃப் குறைந்த 1,308 ஆண்களையும் 402 பெண்களையும் தொடர்ந்து பார்த்தார்கள். ஹார்ட் ஃபெயிலியருக்கு வழக்கமாகக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர், ஏ.சி.இ தடுப்பான் இரண்டிலும் ஆண்களுக்கு முழு அளவில்தான் அதிகப் பலன். பெண்களுக்குப் பாதி அளவிலேயே அந்தப் பலன் வந்துவிட்டது, அதற்கு மேல் ஏற்றியும் கூடவில்லை. ஆசிய நாட்டு நோயாளிகளின் தரவிலும் இதே போக்கு தென்பட்டது. இது குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த ஆய்வு அல்ல, அதனால் இதையே சட்டமாக்க முடியாது. ஆனால் இந்த மருந்துகள் புழக்கத்துக்கு வந்து இத்தனை காலம் கழித்தா இந்தக் கேள்வியைக் கேட்பது?

---

தேனிமல்லி

பயமாக இருக்கிறது. அம்மாவின் சீட்டில் டிகாக்சின் இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

---

பொதுமருத்துவர்_நெல்லை

வேண்டாம், நீங்களாக நிறுத்தவே கூடாது. தயவுசெய்து.

அந்த ஆய்வில் இருந்தவர்கள் சீரான துடிப்பு உள்ளவர்கள். அம்மாவுக்கு அது கொடுக்கப்பட்டிருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் வேகத்தைக் கட்டுப்படுத்த. காரணமே வேறு. திடீரென்று நிறுத்தினால் மறுபடி 140க்குப் போகலாம். பார்க்க வேண்டியது அளவைத்தான். சிறிய உடம்பு, வயது, சிறுநீரகம் கொஞ்சம் மந்தம் என்றால் மருந்து உடம்பில் தங்கும். வாந்தி, பசியின்மை, பார்வையில் மஞ்சள் நிறம், துடிப்பு மிகவும் குறைவது, இவை வந்தால் உடனே காட்டுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பொட்டாசியமும் எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பக்கவாதத்தைத் தடுக்க அது மிக முக்கியம்.

பக்கவிளைவிலும் ஆண் பெண் வித்தியாசம் உண்டு. 'பிரில்' என்று முடியும் மாத்திரைகளால் (ஏ.சி.இ தடுப்பான்கள்) வரும் வறட்டு இருமல் பெண்களுக்கு அதிகம். அதை மறுபடி நுரையீரலில் நீர் என்று நினைத்துக் குழம்புவார்கள். அந்த நான்கு வகையில் ஒன்றைச் சேர்ந்த ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும் ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கலாம். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், பல ஆண்கள் அதைச் சொல்லமாட்டார்கள். மாற்று மருந்து இருக்கிறது.

---

சேலத்துச் சிவா

இதையெல்லாம் படித்த பிறகு ஒன்று கேட்கிறேன். எக்கோவில் ஈ.எஃப் நார்மல் என்று வந்தால் டாக்டருக்குத்தான் எப்படித் தெரியும்? மூச்சு வாங்குகிறது என்று வருகிற ஒவ்வொரு பெண்ணையும் ஹார்ட் ஃபெயிலியர் என்று சொல்லிவிட முடியுமா? ரத்தசோகை, தைராய்டு, எடை என்று எத்தனையோ இருக்கிறதே.

---

பொதுமருத்துவர்_நெல்லை

சரியான கேள்வி. சொல்ல முடியாது. அதே சமயம் ஈ.எஃப் நார்மல் என்ற ஒரு வரியோடு அனுப்பவும் கூடாது. எக்கோவிலேயே இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா, அறை நிறையும்போது அழுத்தம் கூடியிருக்கிறதா, நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். கூடவே என்.டி. புரோ பி.என்.பி ரத்தப் பரிசோதனை, இதயம் திணறினால் அந்த அளவு கூடும். பருமனானவர்களுக்கு அது குறைவாகக் காட்டும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். 60 வயதுக்கு மேல், பருமன், இரண்டு பிரஷர் மாத்திரை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இவை சேர்ந்து மூச்சு வாங்கினால் சந்தேகம் பலமாக வர வேண்டும். தேனிமல்லியின் அம்மாவிடம் இவற்றில் பெரும்பாலானவை இருந்தன.

நீங்கள் சொன்ன ரத்தசோகையும் முக்கியம். ஹார்ட் ஃபெயிலியரோடு அதுவும் சேர்ந்தே இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு பெண்களிடம் கூடுதல். ஈ.எஃப் குறைந்தவர்களுக்கு ரத்தசோகை வராவிட்டாலும் இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஊசி வழியாக ஏற்றுவது களைப்பைக் குறைக்கும்.

---

அருவிக்கரை

டிஸ்சார்ஜுக்குப் பின்னால் வரும் முதல் சில வாரங்களைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். தேசியப் பதிவேட்டில் சேர்ந்தவர்களில் 90 நாளுக்குள் 14% பேர் இறந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்துவிட்டோம், சரியாகிவிட்டது என்று நினைக்கிற காலம் அது.

---

பொதுமருத்துவர்_நெல்லை

உண்மை. 2022ல் 'ஸ்ட்ராங் எச்.எஃப்' என்ற ஆய்வு வந்தது. 1,078 பேர். ஒரு பிரிவினரை டிஸ்சார்ஜ் ஆனதும் அடிக்கடி வரவழைத்து, ரத்தம் பார்த்து, இரண்டே வாரத்தில் மருந்தை முழு அளவுக்கு ஏற்றினார்கள். 180 நாளில் இறந்தவர்களும் ஹார்ட் ஃபெயிலியரோடு மறுபடி சேர்ந்தவர்களும் அந்தப் பிரிவில் 15.2%. வழக்கமான முறையில் 23.3%. ஆய்வையே முன்கூட்டி நிறுத்தும் அளவுக்கு வித்தியாசம்.

இதற்கு நோயாளி அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அப்பாவைக் கூட்டிவர அம்மா இருக்கிறார். அம்மாவைக் கூட்டிவர யார் என்பதை டிஸ்சார்ஜ் அன்றைக்கே நான் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

---

தேனிமல்லி

எல்லோருக்கும் நன்றி. அம்மாவின் பழைய எக்கோவை, ஹார்ட் நார்மல் என்று சொன்னதை, மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் 'இடது மேலறை பெரிதாகியுள்ளது, சுவர் தடித்துள்ளது' என்று இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது. யாரும் எங்களுக்கு அதைப் படித்துச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ரிவ்யூ. டாபாக்ளிஃப்ளோசின், கிரியேட்டினின், பொட்டாசியம், இரும்புச்சத்து, பயண நாளில் லாசிக்ஸ் நேரம், இவற்றை ஒரு தாளில் எழுதிவிட்டேன். அப்பாவும் கூட வருகிறார். உப்பு குறைத்துச் சமைப்பது அப்பாவுக்காக எங்கள் வீட்டில் முன்பே நடந்தது. ஆனால் அம்மா தனக்குத் தனியாக ஊறுகாய் எடுத்து வைத்துக்கொள்வார், அதையும் அப்பாவே இப்போது எங்களிடம் காட்டிக்கொடுத்துவிட்டார்.

---

வார்டுசிஸ்டர்

எடை மெஷின் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்து பாத்ரூம் போய்வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால், இரண்டு பேருமே ஏறிப் பார்த்துக் காலண்டரில் எழுதட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், மூச்சு வாங்காவிட்டாலும், போன் செய்யுங்கள். அம்மா எழுதினாரா என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.